ஜப்பானின் முதல் அயல்நாட்டு மாணவியர்

ஜப்பானிய அரசு பெண்களை முதன்முறையாக அயல்நாட்டுக் கல்விக்கு அனுப்பியது 1871ஆம் ஆண்டில். அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று யோகோஹாமா துறைமுகத்திலிருந்து ‘அமெரிக்கா’ என்ற நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் புறப்பட்டது. இவாகுரா தோமோமி தலைமையிலான தூதுக்குழு அதில் பயணம் செய்தது. மேலைநாடுகளில் படிப்பதற்காக அரசு தேர்ந்தெடுத்த மாணவர்களும் அக்குழுவுடன் சென்றனர். அவர்களில் ஐவர் பெண்கள். யோஷிமாசு ரியோ, உவேதா தெய் ஆகிய இருவரும் பதின்ம வயதினர். யாமகாவா சுதெமாட்சுவுக்கு வயது 11. நாகாய் ஷிகே அவரைவிடச் சற்று இளையவர். எல்லோரிலும் இளையவரான த்சுடா உமேவுக்கு அப்போது 6 வயது. கப்பல் நடுக்கடலில் இருந்தபோது, டிசம்பர் 31 அன்று, ஏழு வயது நிறைந்தது.

பத்தாண்டுகள் அமெரிக்காவில் தங்கிப் படிக்க வேண்டும், திரும்பி வந்து ஜப்பானியப் பெண்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. போக்குவரத்து, கல்வி, தங்கும் செலவு அனைத்தும் அரசுடையது. அதற்கு மேல் ஆண்டுக்கு 800 டாலர் உதவித்தொகை. அக்காலத்துக்கு இது பெருந்தொகை. செலவைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் திட்டமிட்டவர்கள், திரும்பி வரும் பெண்களை என்ன செய்வது என்பது பற்றி ஏதும் திட்டமிடவில்லை. 1882இல் உமே தாய்வீடு திரும்பியபோது அவரால் தன் தாயுடன் பேச முடியவில்லை. ஜப்பானிய மொழி அவருக்கு முற்றிலும் மறந்து போயிருந்தது.

அனுப்பியவர்களும் அனுப்பப்பட்டவர்களும்

1868இல் தொகுகாவா ஷோகுன்களின் ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு அமைந்தது. மேலைநாட்டுத் தொழில்நுட்பத்தையும் நிர்வாக முறைகளையும் விரைந்து கற்றுக்கொள்வது புதிய அரசின் முதன்மை நோக்கமாக இருந்தது. ஹொக்கைடோ தீவின் குடியேற்றத் துறையில் உயர் பொறுப்பிலிருந்த குரோதா கியோதாகா அமெரிக்கா சென்று வந்தபோது, அந்நாட்டுப் பெண்கள் படித்தவர்களாகவும் பொது இடங்களில் ஆண்களோடு பழகுபவர்களாகவும் இருப்பதைக் கண்டார். படித்த தாய்மாரே படித்த மக்களை வளர்ப்பார்கள் என்பது அவர் கொண்ட முடிவு. பெண்களை அனுப்பும் திட்டம் அங்கிருந்து பிறந்தது. ஆகவே இத்திட்டத்தின் இலக்கு அந்தப் பெண்கள் என்று சொல்வதைவிட, அவர்களுக்குப் பிறக்கப்போகும் மகன்கள் என்று சொல்வது பொருந்தும். பின்னால் நேர்ந்த பல குழப்பங்களுக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

முதல் அறிவிப்புக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. மகளைப் பத்தாண்டுக்குக் கடல் கடந்து அனுப்புவதென்பது, திருமண வயதைத் தாண்ட விட்டுவிடுவதாகும். இரண்டாம் அறிவிப்புக்குப் பின் கிடைத்த ஐவரும் சாமுராய்க் குடும்பத்தவர். ஐந்து குடும்பங்களும் உள்நாட்டுப் போரில் தோற்ற ஷோகுன் தரப்பைச் சேர்ந்தவை. வென்றவர்கள் தம் பெண்களை அனுப்பவில்லை. பதவியையும் வருவாயையும் இழந்திருந்த குடும்பங்களுக்கு, புதிய அரசின் நன்மதிப்பைப் பெற இது ஒரு வழியாகத் தெரிந்தது.

உமேவின் தந்தை த்சுடா சென், ஷோகுன் அரசில் மொழிபெயர்ப்பாளராக இருந்து 1867இல் அமெரிக்காவைப் பார்த்து வந்தவர். வேளாண்மைச் சீர்திருத்தத்தில் ஆர்வம் கொண்டவர். ஷிகே, பின்னாளில் மிட்சுயி நிறுவனத்தின் பெருந்தலைவராக உயர்ந்த மாசுதா தகாஷியின் தங்கை. நாகாய் குடும்பத்துக்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டவர்.

சுதெமாட்சுவின் கதை இன்னும் கடுமையானது. அவர் பிறந்த ஐசு நாடு ஷோகுனுக்காக இறுதிவரை போரிட்டது. 1868இல் ஐசு கோட்டை ஒரு மாத காலம் முற்றுகையிடப்பட்டபோது, எட்டு வயதான அவர் கோட்டைக்குள் இருந்தார். பெண்களும் சிறுமியரும் வெடிமருந்து சுமந்தனர். விழுந்த குண்டுகள் வெடிக்கும் முன் ஈரப் போர்வைகளைப் போட்டு அணைத்தனர். அவருடைய அண்ணி குண்டடிபட்டு இறந்தார். தோல்விக்குப் பின் ஐசு மக்கள் வடகோடியில் தரிசு நிலத்துக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அக்குடும்பத்துச் சிறுமியே அடுத்த மூன்றாண்டில், வென்ற அரசின் செலவில் கப்பலேறினாள். அதுவரை அவள் பெயர் சாகிகோ. விடைகொடுத்த தாய் ‘சுதெமாட்சு’ என்று பெயர் மாற்றினார். ‘சுதெ’ என்றால் எறிந்துவிடுதல். ‘மாட்சு’ என்பதற்குப் பைன் மரம் என்று பொருள். ‘காத்திருத்தல்’ என்ற பொருளும் அதே ஒலியில் வரும். கைவிட்டேன், ஆயினும் காத்திருப்பேன் என்பதே அப்பெயரின் உட்பொருள்.

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் ஐவரும் அரண்மனைக்கு அழைக்கப்பட்டனர். திரைக்குப் பின்னிருந்த பேரரசி அவர்களுக்குப் பட்டுத்துணியும் பலகாரமும் வழங்கினார். படித்துத் திரும்பி நாட்டுப் பெண்களுக்கு முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்ற ஆணையும் எழுத்தில் தரப்பட்டது. அந்த ஆணையை ஆறு வயதுச் சிறுமி எவ்வளவு புரிந்துகொண்டிருப்பார் என்பது வேறு. ஆனால் அதன் பாரம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

முதல் ஆண்டு

கப்பல் 1872 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. வழித்துணையாக அமெரிக்கத் தூதரின் மனைவி உடன் வந்தார். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது; சிறுமியருக்கு ஆங்கிலம் தெரியாது. பட்டுக் கிமோனோ அணிந்த சிறுமியரைக் காணச் சென்ற இடமெல்லாம் கூட்டம் கூடியது. மேலைநாட்டு உடை வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை சிகாகோ வந்த பிறகுதான் நிறைவேறியது. அதற்கு முன், சால்ட் லேக் நகரில் பனி இருப்புப்பாதையை மூடியதால் தூதுக்குழு முழுவதும் இரண்டு வாரத்துக்கும் மேலாகக் காத்துக் கிடந்தது. பிப்ரவரி 29 அன்று வாஷிங்டன் வந்து சேர்ந்தபோது அந்நகரிலும் பனி.

வாஷிங்டனில் ஜப்பானின் பிரதிநிதியாக இருந்த மோரி அரினோரிக்கு அப்போது வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. மணமாகாத இளைஞரான அவரிடம் ஐந்து சிறுமியர் ஒப்படைக்கப்பட்டனர். சில மாதங்கள் அவர்கள் ஒரே வீட்டில், ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில் வைக்கப்பட்டனர். ஒருவருக்கொருவர் துணையாக இருந்ததால் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை, ஆங்கிலம்தான் வரவில்லை. நாள் முழுவதும் தமக்குள் ஜப்பானிய மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தால் வேறு மொழி எப்படி வரும்? அவர்களைப் பிரித்து, தனித்தனி அமெரிக்கக் குடும்பங்களில் சேர்ப்பது என்று மோரி முடிவு செய்தார்.

இதற்குள் மூத்த இருவரின் உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. ரியோவுக்குக் கண்நோய் நீங்கவில்லை, தெய் நலிவுற்றார். இருவரும் 1872ஆம் ஆண்டு முடிவதற்குள் திருப்பி அனுப்பப்பட்டனர். பதின்ம வயதினர் வேரூன்ற முடியாமல் திரும்பியதும், சிறுவயதினர் மூவர் நிலைத்ததும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நிலைத்தவர்கள் கொடுத்த விலை திரும்பியவர்களுக்கு நேரவில்லை என்பதும் உண்மை. ரியோ ஊர் திரும்பி டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தார். 1886இல் காலராவில் இறந்தார். தெய் ஒரு மருத்துவரை மணந்து நெடுங்காலம் வாழ்ந்தார்.

வளர்ப்பு வீடுகள்

உமே, வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில் சார்லஸ் லான்மன், அடலின் லான்மன் தம்பதியரிடம் வளர்ந்தார். லான்மன் எழுத்தாளர், ஓவியர். ஜப்பானியத் தூதரகத்தின் செயலராகவும் இருந்தவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உமே அவ்வீட்டின் மகளாகவே ஆனார். 1873இல் தானே விரும்பிக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். கிறித்தவம் ஜப்பானில் தடைசெய்யப்பட்டிருந்த நிலை அந்த ஆண்டில்தான் நீங்கியது. பள்ளியில் லத்தீன், பிரெஞ்சு, கணிதம், அறிவியல் எல்லாவற்றிலும் முன்னணியில் நின்றார். வீட்டில் ஜப்பானிய மொழி பேச ஒருவரும் இல்லை. கனவும் கணக்கும் வழிபாடும் ஆங்கிலத்தில் என்றான பிறகு, தாய்மொழி கழன்று போக அதிக ஆண்டுகள் தேவைப்படவில்லை.

சுதெமாட்சு, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் லியோனார்ட் பேகன் என்ற புகழ்பெற்ற மதபோதகரின் வீட்டில் சேர்க்கப்பட்டார். அவ்வீட்டின் கடைசி மகள் ஆலிஸ், சுதெமாட்சுவைவிட இரண்டு வயது மூத்தவர்; இருவரும் உடன்பிறந்தவர்போல் ஆனார்கள். ஷிகே, அருகிலிருந்த ஃபேர் ஹேவனில் நூலாசிரியர் ஜான் அபட்டின் குடும்பத்தில் வளர்ந்தார். இவர்கள் இருவரும் அடிக்கடி சந்திக்க முடிந்தது. மேலும், சுதெமாட்சுவின் அண்ணன் கென்ஜிரோ அப்போது அதே ஊரில் யேல் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். தங்கை அமெரிக்கப் பெண்ணாகவே மாறிவிடுவாளோ என்ற அச்சம் அவருக்கு. அவளுக்கு ஜப்பானிய மொழிப்பாடம் நடத்தினார். 1875இல் நாடு திரும்பிய பின்னும் நாட்டு நிலவரம் குறித்துக் கடிதங்கள் எழுதினார். பிற்காலத்தில் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர் இவர். சுதெமாட்சுவிடம் பேச்சுமொழி ஓரளவு தங்கியதற்கு இந்த அண்ணனே காரணம். உமேவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

இதே கனெக்டிகட்டில், இதே ஆண்டுகளில், சீன அரசும் மாணவர்களைப் படிக்க வைத்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1854இல் யேலில் பட்டம் பெற்ற முதல் சீனரான யுங் விங்கின் முயற்சியால், 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு முப்பது பேராக 120 சிறுவர்கள் அமெரிக்கா வந்தனர். அவர்களையும் குடும்பங்களில் தங்கவைத்தார்கள். இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் வீடு தேடித் தருவதில் உதவியவர் அம்மாநிலக் கல்வி அதிகாரி பர்ட்சி நார்த்ராப் என்ற ஒரே மனிதர். ஆனால் சீன ஏற்பாட்டில் ஒரு வேறுபாடு இருந்தது. ஹார்ட்ஃபோர்டு நகரில் சீன அரசுக்கு ஒரு தலைமையகம்; சிறுவர்கள் முறைவைத்து அங்கே வந்து சீன மொழியும் செவ்வியல் நூல்களும் கற்றாக வேண்டும். பின்னலை வெட்டக் கூடாது, மதம் மாறக் கூடாது. கண்காணிப்பு இவ்வளவு இருந்தும், சிறுவர்கள் பேஸ்பால் ஆடவும் தேவாலயம் போகவும் தொடங்கியதைக் கண்டு கலங்கிய சீன அரசு, 1881இல் அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. பெரும்பாலோர் கல்லூரிப் படிப்பை முடித்திருக்கவில்லை. பட்டம் பெற்றுத் திரும்பிய மிகச் சிலரில் ஒருவர் ஜான் தியன்யோ. பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு 1909இல் முடிந்த மலைப்பாதை ரயிலை அமைத்த பொறியாளர் அவர்.

ஜப்பானிய அரசு தன் சிறுமியரைக் கண்காணிக்கவில்லை; மதம் மாறியதையும் தடுக்கவில்லை. கல்லூரி வரை படிக்க விட்டது. அதேபோல் அவர்களின் தாய்மொழியைப் பற்றியும் கவலைப்படவில்லை. சீனாவின் கெடுபிடியைக் குறை சொல்வது எளிது. ஆனால் திரும்பி வரும் பிள்ளை ஊர்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கெடுபிடிக்காரர்கள் நினைத்துப் பார்த்தார்கள்; தாராளமாக விட்டவர்கள் நினைக்கவில்லை.

சுதெமாட்சுவும் ஷிகேயும் 1878இல் நியூயார்க் மாநிலத்தின் வாசர் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தனர். ஷிகே மூன்றாண்டு இசைப் படிப்பை முடித்து 1881இல் நாடு திரும்பினார். சுதெமாட்சு 1882இல் பட்டம் பெற்றார். கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் இவரே. ஜப்பானிடம் பிரிட்டன் நடந்துகொள்ளும் முறையைக் கண்டித்துப் பட்டமளிப்பு விழாவில் அவர் ஆற்றிய உரை பலத்த கைதட்டல் பெற்றது, பத்திரிகைகளும் எழுதின. தாய்நாட்டின் நியாயத்தை அவர் எடுத்துரைத்தது ஆங்கிலத்தில். அதே உரையை ஜப்பானிய மொழியில் எழுத அவரால் முடிந்திருக்காது. அன்று கைதட்டியவர்களுக்கு அது தெரியாது. பட்டம் பெற்ற பின் நியூ ஹேவனில் சில மாதங்கள் செவிலியர் பயிற்சியும் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த நாடு

படிப்பை முடிப்பதற்காக ஓராண்டு கூடுதல் அனுமதி பெற்றிருந்த சுதெமாட்சுவும் உமேவும் 1882 நவம்பர் மாதம் யோகோஹாமா வந்து இறங்கினர். அவர்களை அனுப்பிவைத்த ஹொக்கைடோ குடியேற்றத் துறை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டிருந்தது. ‘படித்து முடித்துவிட்டோம்’ என்று போய்ச் சொல்வதற்குக்கூட அலுவலகம் இல்லை.

பத்து ஆண்டுகளில் நாட்டின் போக்கும் மாறியிருந்தது. 1870களின் தொடக்கத்தில் மேலைநாட்டுப் பொருளென்றால் எதையும் அள்ளிக்கொண்ட ஆர்வம் தணிந்து, பழைய ஒழுக்கநெறிகளுக்குத் திரும்ப வேண்டும் என்ற குரல் வலுத்துவந்தது. பெண்கல்வி என்றால் கணவனுக்கும் மாமியாருக்கும் பணிவதற்கான பயிற்சி என்ற கருத்து மீண்டும் தலைதூக்கியது.

உமேவுக்கு அப்போது பதினெட்டு நிறையவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது, தத்தாமிப் பாயில் முழந்தாளிட்டு மணிக்கணக்கில் அமர்வது, எவ்வளவு தாழக் குனிந்து யாரை வணங்குவது, எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. உடன்பிறந்தவர்களுக்கு அவர் வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண். ஆங்கிலம் அறிந்த தந்தை இல்லாத நேரத்தில் தாயும் மகளும் சைகையால் பேசிக்கொள்ள வேண்டிய நிலை. ஜப்பானிய மொழியில் ஆளுக்கும் வயதுக்கும் தகுதிக்கும் ஏற்ப வினைச்சொல்லே மாறும். குழந்தையில் கேட்டுக் கேட்டு வரவேண்டிய இந்த மரியாதை வழக்கு, வளர்ந்த பின் இலக்கணப் புத்தகத்தால் வருவதில்லை. தவறாகப் பேசினால் ‘அயலார்’ என்று பொறுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். முகம் ஜப்பானிய முகமாயிற்றே.

வேலையும் இல்லை. இங்கேதான் அரசின் பாரபட்சம் வெளிப்படையாகத் தெரிகிறது. அதே ‘அமெரிக்கா’ கப்பலில் சென்ற ஆண் மாணவர்களில் கானேகோ கென்தாரோ ஹார்வர்டில் சட்டம் படித்துத் திரும்பி, மெய்ஜி அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரானார். எம்.ஐ.டி.யில் சுரங்கப் பொறியியல் படித்த தான் தகுமா மிட்சுயி நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்தார். மகினோ நோபுஆகி பின்னாளில் அமைச்சரானார். அவர்களுக்குக் காத்திருந்த நாற்காலிகளைப் போல இந்தப் பெண்களுக்கு ஒரு முக்காலிகூட இல்லை. சுதெமாட்சுவைப் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நியமிக்கும் பேச்சு எழுந்தது. பாடநூல்கள் ஜப்பானிய மொழியில் இருந்தன, அவருக்கு எழுத்து தெரியாது என்பதோடு அது நின்றது.

ஷிகே மட்டுமே விரைவில் ஊன்றிக்கொண்டார். இசைக்கு மொழித் தடை குறைவு என்பது ஒரு காரணம். பியானோ கற்பிக்கத் தெரிந்தவர் அன்றைய ஜப்பானில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அரசின் இசைப் பள்ளியிலும் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1882இல் அவர் மணந்த உரியு சோதோகிச்சி அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்தவர், அமெரிக்காவிலேயே அறிமுகமானவர். வீட்டில் ஆங்கிலம் பேசலாம். குழந்தைகள், வேலை, குடும்பம் மூன்றையும் அக்காலத்திலேயே சேர்த்து நடத்திய அவரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. துன்பம் குறைந்த வாழ்க்கைக்கு வரலாற்றில் இடமும் குறைந்துவிடுகிறது போலும்.

பகைவனை மணந்த ஐசுப் பெண்

1883இல் போர் அமைச்சர் ஓயாமா இவாவோ, சுதெமாட்சுவைப் பெண் கேட்டார். மனைவியை இழந்தவர், மூன்று பெண் குழந்தைகளின் தந்தை, பதினெட்டு வயது மூத்தவர். இவையெல்லாம் பெரிய தடைகளல்ல. ஓயாமா, ஐசுவின் பரம எதிரியான சத்சுமா நாட்டவர். 1868 முற்றுகையில் ஐசு கோட்டையின் மீது குண்டு வீசிய பீரங்கிப் படையில் இருந்தவர். யாமகாவா குடும்பம் மறுத்தது. ஓயாமா விடவில்லை. இறுதியில் முடிவைச் சுதெமாட்சுவிடமே விட்டார்கள். அவர் ஆளைப் பார்த்துப் பேசிய பிறகே சொல்வேன் என்றார். அக்காலத்தில் இது கேள்விப்படாத நிபந்தனை. ஓயாமாவின் சத்சுமா வட்டார வழக்கு சுதெமாட்சுவுக்குப் புரியவில்லை. ஐரோப்பாவில் படித்த அவருக்கும் வாசரில் படித்த இவருக்கும் பொதுவாகப் பிரெஞ்சு இருந்தது என்று சொல்வார்கள். 1883 நவம்பரில் திருமணம் நடந்தது.

ஆசிரியப் பணியில் கிடைக்காத செல்வாக்கு அமைச்சரின் மனைவி என்ற முறையில் கிடைத்தது. வெளிநாட்டவரை வரவேற்க அரசு கட்டிய ரோகுமெய்கான் மாளிகையின் விருந்துகளில் தடுமாற்றமின்றி ஆங்கிலம் பேசி நடனமாடத் தெரிந்த ஒரு சிலரில் அவர் ஒருவர். 1884இல் அம்மாளிகையில் உயர்குடிப் பெண்களைத் திரட்டி அறப்பணிச் சந்தை ஒன்றை நடத்தினார். பிரபுக்களின் மனைவியர் கடையில் நின்று பொருள் விற்பதா என்று முணுமுணுப்பு எழுந்தது. திரண்ட பணம் செவிலியர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றது. நியூ ஹேவனில் கற்ற சில மாதப் பாடம் இவ்வாறு பயன்பட்டது.

ஆனாலும் ஊர் அவரை முழுதாக ஏற்கவில்லை. 1898–99இல் தொகுதோமி ரோகா எழுதி மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட ‘ஹொதோதோகிசு’ என்ற தொடர்கதையில், காசநோயால் வாடும் இளம்பெண்ணின் சிற்றன்னையாக, மேலைநாட்டில் படித்த இரக்கமற்ற பெண்ணொருத்தி வருகிறாள். ஓயாமாவின் மூத்த மகள் காசநோயால் இறந்தவர். வாசகர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். மகளுக்காகத் தனியறை கட்டிச் சுதெமாட்சு பேணியதை, ஒதுக்கிவைத்த கொடுமை என்று கதை திரித்தது. செவிலியர் பயிற்சி பெற்றவர், தொற்றுநோய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். வெளிநாட்டுப் படிப்பு மனத்தைக் கல்லாக்கும் என்று ஏற்கெனவே நம்பிய ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

உமே மீண்டும் மாணவியானார்

உமே திருமணத்தைத் தவிர்த்தார். அரசு தனக்குச் செலவிட்ட பணத்துக்குக் கடன் தீர்க்கவில்லை என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1883இல் ஒரு விருந்தில், இவாகுரா குழுவில் உடன் வந்த இதோ ஹிரோபூமியை மீண்டும் சந்தித்தார். அதன் பயனாக, இதோவின் மனைவிக்கும் மகளுக்கும் ஆங்கிலம் கற்பிப்பவராக அவர் வீட்டிலேயே சில மாதங்கள் தங்கினார். கவிதாயினியும் கல்வியாளருமான ஷிமோதா உதாகோவின் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து, கைம்மாறாக அவரிடம் ஜப்பானிய மொழி கற்றார். தாய்மொழியை எழுத்துக்கூட்டித் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழப் பத்தொன்பது வயது. 1885இல் பிரபு குலப் பெண்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டதும் அங்கே ஆசிரியை ஆனார். நல்ல சம்பளம், நல்ல மதிப்பு. ஆனால் மணமேடைக்குக் காத்திருக்கும் பிரபு மகளிருக்கு அலங்காரமாக ஆங்கிலம் கற்பிப்பது அவருக்கு நிறைவு தரவில்லை.

1889இல் விடுப்புப் பெற்று மீண்டும் அமெரிக்கா சென்றார். இம்முறை பிரின் மார் கல்லூரி, பாடம் உயிரியல். பிற்காலத்தில் மரபியலுக்காக நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கன் அங்கே அப்போது இளம் ஆசிரியர். அவருடன் சேர்ந்து தவளை முட்டையின் அமைவு குறித்து உமே செய்த ஆய்வு 1894இல் பிரிட்டனின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அங்கேயே தங்கி ஆய்வைத் தொடரும்படி கல்லூரி கேட்டும் 1892இல் திரும்பினார்.

திரும்புவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தை, அவருடைய சொந்த அனுபவத்தின் நேர்விளைவு என்று சொல்லலாம். ஃபிலடெல்பியாப் பெண்களின் உதவியோடு 8,000 டாலர் திரட்டி, அதன் வட்டியில் ஜப்பானியப் பெண்களை அமெரிக்காவில் படிக்கவைக்க ஒரு நிதி அமைத்தார். அதில் சென்றவர்கள் ஆறு வயதுச் சிறுமியரல்லர். தாய்மொழியில் பள்ளிக் கல்வி முடித்த இளம்பெண்கள். அவர்களில் முதலாமவரான மாட்சுதா மிச்சி, தோஷிஷா பெண்கள் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கவாய் மிச்சி பின்னாளில் தாமே ஒரு பெண்கள் பள்ளியை நிறுவினார். ஹோஷினோ ஐ உமேவின் கல்வி நிறுவனத்துக்கே தலைவரானார். சிறுவயதில் அனுப்பப்பட்ட ஐவரின் கணக்கோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

1900 செப்டம்பரில் டோக்கியோவின் கோஜிமாச்சியில் ஒரு வாடகை வீட்டில், பத்து மாணவியருடன் ‘ஜோஷி எய்காகு ஜுகு’ என்ற ஆங்கிலக் கல்விப் பள்ளியை உமே தொடங்கினார். எக்குலத்துப் பெண்ணும் சேரலாம். நோக்கம் தெளிவானது: அரசுத் தேர்வில் வென்று ஆங்கில ஆசிரியையாகித் தன் காலில் நிற்கும் பெண்களை உருவாக்குவது. நியூ ஹேவனிலிருந்து ஆலிஸ் பேகன் வந்து இரண்டு ஆண்டு ஊதியமின்றிக் கற்பித்தார். ஓயாமா சுதெமாட்சு ஆதரவாளராகப் பெயரையும் செல்வாக்கையும் தந்தார். ஷிகேயும் உடனிருந்தார். 1905இல் இப்பள்ளியின் பட்டதாரிகள் தேர்வின்றியே ஆசிரியர் சான்றிதழ் பெறலாம் என்று அரசு அனுமதித்தது. பெண்கள் கல்வி நிறுவனங்களில் இச்சலுகை பெற்றது இதுவே முதல். இன்றைய த்சுடா பல்கலைக்கழகம் இதன் தொடர்ச்சி.

1919இல் உமே உடல்நலம் குன்றிப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க அலைந்துகொண்டிருந்த சுதெமாட்சு, அந்த ஆண்டு பிப்ரவரியில் பரவிய விஷக்காய்ச்சலுக்கு ஆளாகி இறந்தார். ஷிகே 1928இல் மறைந்தார்; உமே 1929இல். 2024 ஜூலையில் வெளியான புதிய 5,000 யென் தாளில் உமேவின் உருவம் அச்சிடப்பட்டுள்ளது.

1984இல் த்சுடா கல்லூரிக் கட்டடத்தின் பரண் ஒன்றில் ஒரு பெட்டி கிடைத்தது. அடலின் லான்மனுக்கு உமே எழுதிய பல நூறு கடிதங்கள் அதில் இருந்தன. 1882இல் நாடு திரும்பியது முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எழுதியவை. வளர்ப்புத் தாயின் காலத்துக்குப் பின் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தவை. வீட்டில் தான் படும் திண்டாட்டம், ஆண் மாணவர்களுக்குக் கிடைத்த பதவிகளைப் பார்த்த ஆதங்கம், திருமணம் பற்றிய ஓயாத விசாரிப்புகள் தந்த எரிச்சல், தாய்மொழியில் மெல்ல மெல்ல ஏறிய முன்னேற்றம் ஆகியவை அவற்றில் பதிவாகியுள்ளன. பெற்ற தாயிடம் சொல்ல அவருக்கு மொழி இருக்கவில்லை. சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில், கடலுக்கு அப்பால் இருந்த மற்றொரு தாயிடம்.